கடைசிச் சீட்டும் கடவுளின் தீர்ப்பும்

பங்குத் திருவிழா முடிந்து கொடியிறக்கிய மறுநாள் மாலை, அமெரிக்க நாட்டில் கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். சிறுவயதில் பீடச்சிறுவராக இருந்தவர். பக்தியுள்ள குடும்பத்துப் பிள்ளை. நலம் விசாரித்தபின் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "சாமி, ஒரு தவறும் செய்யாதவனைக் கடவுள் தோற்கடிப்பாரா?" என்று கேட்டார்.

நோயோ மரணமோ காரணமாக இருக்கும் என்றெண்ணினோம். காரணம் ஒரு சீட்டாட்டம். லாஸ் வேகஸ் நகரில் நடந்த போக்கர் போட்டி ஒன்றில், சிறுகச் சேர்த்த ஆயிரம் டாலரைக் கட்டி ஆடியிருக்கிறார். இரண்டு நாள் பொறுமையோடும் கணக்கோடும் ஆடி, பரிசுக்குரியோர் வரிசையை நெருங்கியிருந்தார். அப்போது அவர் கைக்கு இரண்டு ஏஸ் சீட்டுகள் வந்தன. எதிரே இருந்தவரிடம் இரண்டு ராஜாக்கள். இருவரும் தம்மிடம் இருந்த அனைத்தையும் பந்தயமாக வைத்தனர். பொதுச் சீட்டுகள் நான்கு திறக்கப்பட்டபோதும் நம் இளைஞரே முன்னணியில் இருந்தார். ஐந்தாவதாகத் திறந்த கடைசிச் சீட்டு மூன்றாவது ராஜா! எல்லாம் போயிற்று. வெற்றி பெற்றால் பத்தில் ஒரு பங்கை நம் கோவில் மணிக்கூண்டுக்குத் தருவதாக அவர் நேர்ந்திருந்தாராம். அன்றிரவே ஆத்திரத்தில் வேறொரு மேசையில் அமர்ந்து மேலும் மூவாயிரம் டாலரை இழந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

"சூது கேடு தரும் தம்பி, விட்டுவிடு" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். வள்ளுவப் பெருந்தகை சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார்; சூதில் வரும் வெற்றி, மீன் விழுங்கும் தூண்டில் முள் போன்றது என்பது அவர் துணிபு. ஆயினும் இளைஞர் கேட்டது சூதைப்பற்றிய கேள்வி அன்று. மருத்துவமனைக் கட்டிலருகிலும் கல்லறைத் தோட்டத்திலும் நம் மக்கள் நம்மிடம் கேட்கும் அதே கேள்வி. சீட்டாட்ட வேடம் பூண்டு வந்திருந்தது, அவ்வளவே. ஆகவே அதைத் தட்டிக்கழிக்க நமக்கு மனம் வரவில்லை.

திறமையும் தற்செயலும்

முதலில் அந்த ஆட்டத்தின் இயல்பை நோக்குவோம். ஒவ்வோர் ஆட்டக்காரர் கையிலும் பிறர் காணாத இரண்டு சீட்டுகள் இருக்கும். மேசை நடுவே அனைவருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். எப்போது துணிவது, எப்போது சீட்டைக் கவிழ்த்து ஒதுங்குவது, எதிராளியின் உள்ளத்தை எவ்வாறு கணிப்பது என்பவற்றில் திறமைக்கு மிகுந்த இடமுண்டு. ஆயினும் எந்தத் திறமையும் அடுத்த சீட்டை ஆள்வதில்லை. இரண்டு ஏஸ், இரண்டு ராஜாவோடு மோதினால் நூற்றில் ஏறத்தாழ 82 முறை ஏஸ் வெல்லும். 18 முறை தோற்கும். நம் இளைஞர் அந்தப் பதினெட்டில் ஒருமுறை சிக்கினார்.

போட்டி என்று வரும்போது இந்தத் தற்செயல் இன்னும் கடுமையாகிறது. கையிருப்பு முழுவதும் போனால் வெளியேற வேண்டியதுதான். கட்டாயப் பந்தயத் தொகையும் நேரம் செல்லச் செல்ல உயர்வதால், நல்ல சீட்டு வரும்வரை ஒதுங்கியிருக்க முடியாது. வெல்லும் வாய்ப்பு ஐந்தில் நான்காக உள்ள மோதலையே ஒருவர் தேடித் தேடி ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய ஐந்து மோதல்களில் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு அவருக்கு மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவே. ஆயிரம் பேர் ஆடும் போட்டியில், மற்றவரைவிட இருமடங்கு முதலிடம் பெறத்தக்க வல்லவருக்குக்கூட அந்த வாய்ப்பு ஐந்நூறில் ஒன்றுதான். வாரம் ஒரு போட்டி ஆடினாலும் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒரு வெற்றி! இந்த ஏற்ற இறக்கத்தை ஆட்டக்காரர்கள் 'வேரியன்ஸ்' என்கின்றனர்.

லாஸ் வேகஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2023-ஆம் ஆண்டில் 10,043 பேர் நுழைந்தனர். முதற் பரிசு 1 கோடியே 21 லட்சம் டாலர். பரிசு பெற்றோர் 1,507 பேர். எஞ்சிய எட்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வெறுங்கையராய்த் திரும்பினர். இதே போட்டியில் 2003-ஆம் ஆண்டு, இணையவழித் தகுதி ஆட்டமொன்றில் 86 டாலர் கட்டி இடம்பெற்ற கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர், 839 பேரை உள்ளடக்கிய களத்தில் வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். மூன்றே ஆண்டுகளில் போட்டியாளர் எண்ணிக்கை 8,773 ஆக உயர்ந்தது. இணைய ஆட்டத்தின் பரவலும் தொலைக்காட்சியும் இதற்குத் துணைநின்றன. எனினும் 'அவருக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும்' என்ற எண்ணத்தின் பங்கு பெரிது. வென்ற ஒருவரின் முகம் உலகுக்குத் தெரிந்தது. தோற்ற எண்ணூற்றுவரின் முகம் யாருக்கும் தெரியவில்லை.

விளைவைக் கொண்டு தீர்ப்பிடுதல்

இத்தகைய ஆட்டத்தில் மனம் சிதறாமல் நிலைப்பதற்கு அனுபவமிக்க ஆட்டக்காரர்கள் ஒரு பாடத்தைக் கற்றிருக்கின்றனர். செயலின் தகுதியை அதன் விளைவைக்கொண்டு அளக்கலாகாது என்பதே அது. முன்னர்ப் போக்கர் ஆடியவரான ஆனி டியூக் என்னும் பெண்மணி 2018-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகப் பேசுகிறார். பெருக்கெடுத்த ஆற்றில் இறங்கித் தப்பிக் கரையேறியவன் அறிவாளி ஆகிவிடமாட்டான். தக்க மருந்தைத் தக்க நேரத்தில் கொடுத்த செவிலியர், நோயாளி இறந்துவிட்டதால் குற்றவாளி ஆகிவிடமாட்டார். தீர்மானம் வேறு, முடிவு வேறு. நம் இளைஞர் இரண்டு ஏஸுடன் துணிந்தது சரியான தீர்மானம். கடைசிச் சீட்டு அதைத் தவறாக்கிவிடவில்லை.

இந்தத் தெளிவுக்கு அடிகோலியவர்களுள் ஒருவர் நம் கத்தோலிக்க மரபைச் சார்ந்த சிந்தனையாளர் என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். 1654-ஆம் ஆண்டு பிளேஸ் பாஸ்கல் தம் நண்பர் ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு சிக்கலை அலசினார். முதலில் மூன்று சுற்று வெல்பவருக்கே பந்தயம் முழுவதும் என்ற ஆட்டம், ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்றிருக்கையில் நின்றுவிட்டால், 64 காசுகளை எவ்வாறு பகிர்வது? நடந்து முடிந்ததை அன்று, இனி நடக்கக்கூடியவற்றையே எண்ணிப் பார்த்து, முன்னவருக்கு 48, பின்னவருக்கு 16 என வகுத்தார் பாஸ்கல். நிகழ்தகவுக் கணிதம் இத்தகைய கேள்விகளிலிருந்தே வளர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவில் அவருக்கு ஆழ்ந்த இறையனுபவம் வாய்த்தது. அதைக் குறித்துவைத்த ஏட்டைத் தம் மேலாடையின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். 1662-இல் அவர் இறந்தபின்னரே அது கண்டெடுக்கப்பட்டது. தற்செயலைக் கணக்கிட்ட அறிவும் இறைவன்முன் மண்டியிட்ட நெஞ்சும் ஒரே மனிதரிடம் ஓராண்டுக்குள் ஒருங்கே விளங்கின. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை.

ஆட்டக்காரர்களிடம் 'டில்ட்' என்றொரு சொல்லும் உண்டு. உருளும் குண்டைக் கொண்டு ஆடும் இயந்திரத்தை ஆத்திரத்தில் சாய்த்துக் குலுக்கினால் அது இயங்காமல் நின்றுவிடும். அப்போது அதில் தோன்றும் சொல் அது. தகாத தோல்வியால் நிலைகுலைந்து, இழந்ததை உடனே மீட்க வேண்டுமென்று கண்மூடித்தனமாக ஆடுவதற்கு அதுவே பெயராயிற்று. கடைசிச் சீட்டு நம் இளைஞரிடம் பறித்தது ஆயிரம் டாலர். அதன்பின் பறிபோன மூவாயிரத்தைச் சீட்டு பறிக்கவில்லை. 'எனக்கு நியாயம் கிடைத்தே ஆகவேண்டும்' என்ற அவருடைய சினமே பறித்தது.

பீடத்திலிருந்து நாம் செய்த பிழை

இவ்வளவும் அவருக்கு எடுத்துரைக்கையில் நம் மனச்சான்று நம்மையே குத்தியது. பல ஆண்டுகளுக்கு முன் கடலோரப் பங்கொன்றில் பணியாற்றியபோது, ஒரே விடியலில் கடலுக்குச் சென்ற இரு படகுகள் கடுங்காற்றில் சிக்கின. ஒன்று கரை சேர்ந்தது; மற்றொன்றில் சென்றவர் திரும்பவில்லை. தப்பியவர் குடும்பத்தார் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டனர். மறையுரையில் நாம், "செபமாலையைக் கையில் பற்றியிருந்ததால் அன்னை மரியா இவரைக் காப்பாற்றினார்" என்று உருக்கமாகப் பேசினோம். திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில், திரும்பாதவரின் மனைவி நம்மிடம் வந்தார். அழவில்லை. "சாமி, எங்க வீட்டுக்காரர் கையிலயும் செபமாலை இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விளைவைக் கொண்டு தீர்ப்பிடும் பிழையைச் சூதாட்ட மேசையினரே களைய முயலும்போது, இறைவார்த்தையை அறிவிக்கும் நாம் அதைப் பீடத்திலிருந்தே செய்துவிட்டோம். தப்பியவருக்கு நன்றி சொல்வது தகும். அந்த நன்றியை அடுத்த வீட்டாரின் மேல் விழும் தீர்ப்பாக்கியதுதான் நம் குற்றம்.

ஆண்டவர் இயேசு இதில் நம்மை ஐயத்தில் விடவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவரைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்றார். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்டு, பாவம் செய்தவர் யார் என்று சீடர் வினவியபோது, அவரும் செய்யவில்லை, அவர் பெற்றோரும் செய்யவில்லை என்று மறுத்தார். விரைந்தோடுபவருக்கே ஓட்டத்தில் வெற்றி என்பதில்லை, வேளையும் வாய்ப்பும் எல்லாருக்கும் நேர்கின்றன என்பது சபை உரையாளரின் கூற்று. யோபுவின் நண்பர்கள் செய்ததெல்லாம் என்ன? விளைவைப் பார்த்துப் பாவத்தைத் தேடினார்கள். அவர்கள்மேல் ஆண்டவர் சினங்கொண்டார் என்றே அந்நூல் முடிகிறது.

அப்படியாயின் எல்லாம் குருட்டுத் தற்செயல்தானா? இறைப் பராமரிப்பு என்பது வெறுஞ்சொல்லா? புனித அக்குவினாத் தோமா ஓர் அழகிய எடுத்துக்காட்டைத் தருகிறார். தலைவர் ஒருவர் தம் பணியாளர் இருவரை, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே இடத்திற்கு அனுப்புகிறார். அங்கே அவர்கள் சந்திப்பது அவர்களைப் பொறுத்தவரை தற்செயல், அனுப்பியவருக்கோ முன்னறிந்தது. இறைப் பராமரிப்பு தற்செயலை ஒழித்துவிடுவதில்லை. அதையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது என்பது அவர் போதனை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தலைவரின் நோக்கம் தலைவருக்குத் தெரியும். வழியில் நின்று பார்க்கும் பணியாளருக்குத் தெரியாது. கடவுள் ஆள்கிறார் என்று அறிக்கையிட நமக்கு உரிமையுண்டு. இந்தச் சீட்டின் பொருள் இது, இந்தப் படகு கவிழ்ந்ததன் காரணம் இது என்று அவர் சார்பில் விளக்கம் கூறும் உரிமை நமக்கு அளிக்கப்படவில்லை.

நெடுங்காலம் யாருக்கு?

ஆட்டக்காரர்களின் பாடத்தில் ஒரு குறையும் உண்டு. 'சரியாக ஆடிக்கொண்டே இரு, நெடுங்காலத்தில் எல்லாம் சமனாகும்' என்பது அவர்கள் தமக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். கணிதப்படி அது மெய்யே. ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆட வாய்த்தவருக்கே அது மெய். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்கு நுழைவுக் கட்டணத்தைப்போல் நூறு மடங்கேனும் இருப்பு வேண்டும் என்பது அவர்களிடையே வழங்கும் அறிவுரைகளுள் ஒன்று. இருப்பில்லாதவர், கணக்கு சமனாவதற்குள் களத்தைவிட்டே வெளியேற்றப்படுவார். நெடுங்காலம் என்பது உள்ளவர்களின் ஆறுதல். அன்றாடங்காய்ச்சிக்கு ஒரு நோய், ஒரு பொய்த்த மழை, ஒரு கவிழ்ந்த படகு போதும். அந்தக் கைம்பெண்ணிடம் சென்று, "சராசரியில் பெரும்பாலான படகுகள் திரும்பி வருகின்றன அம்மா" என்று சொல்ல யாருக்கு நா எழும்? அவருக்கு வாய்த்தது ஒரே படகு, ஒரே கணவர்.

சூதைக்குறித்துத் திருச்சபையின் போதனை ஏன் இவ்வாறு அமைந்தது என்பதும் இங்கே விளங்கும். வாய்ப்பைச் சார்ந்த விளையாட்டுகளும் பந்தயங்களும் தம்மிலேயே நீதிக்கு முரணானவை அல்ல என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2413). ஆனால் தனக்கும் பிறர்க்கும் வாழ்வதற்குத் தேவையானதை அவை பறிக்கும்போது அறநெறிப்படி ஏற்கத்தகாதவை ஆகின்றன. அவற்றின்மேல் எழும் வேட்கை மனிதரை அடிமைப்படுத்தும் என்றும் எச்சரிக்கிறது. இழக்கக்கூடாததைப் பந்தயம் வைக்காதே என்பதே இதன் சாரம். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடின்றித் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 'இது திறமை ஆட்டம்தானே' என்பது நெடுநாள் வழக்காடப்பட்ட வாதம். திறமை ஆட்டமாகவே இருக்கட்டும்; அந்தத் திறமை வெளிப்படுமுன் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கரைந்துவிடுமாயின் அந்த வாதத்தால் அக்குடும்பத்துக்கு என்ன பயன்?

சுமையைப் பகிர்தல்

இளைஞர் சொன்னவற்றுள் நம்மை மிகவும் ஈர்த்த செய்தி ஒன்றுண்டு. போட்டி ஆட்டக்காரர்களான நண்பர்கள் சிலர், ஆட்டம் தொடங்குமுன்பே தத்தம் பரிசில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ பங்கை ஒருவருக்கொருவர் உரிமையாக்கிக் கொள்வார்களாம். பத்துப் பேரில் ஒருவர் வென்றாலும் மற்ற ஒன்பதின்மர் வெறுங்கையராய்ப் போவதில்லை. வேரியன்ஸைத் தனியே தாங்க முடியாது என்பதை அவர்கள் தன்னல நோக்கிலேயே கண்டுகொண்டனர்.

தொடக்கத் திருச்சபையினர் தம் உடைமைகளைப் பொதுவாய் வைத்து அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்ததை நாம் ஆண்டுதோறும் பாஸ்கா காலத்தில் வாசிக்கிறோம். ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்குமாறு திருத்தூதர் பவுல் பணிக்கிறார். தற்செயலின் அடிக்குத் திருச்சபை தரும் நடைமுறை மருந்து இதுவே. எந்தச் சீட்டு யாருக்கு வரும் என்று நாம் அறியோம். வந்தபின் ஒருவரையொருவர் கைவிடாதிருப்பது நம் கையில் உள்ளது. அன்பியக் கூட்டங்களும் வின்சென்ட் தெ பவுல் சபையும் நம் பங்குகளில் இருப்பதன் பொருளும் இதுதான்.

இது வென்றவர்களுக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். தோற்றவர் தம் தோல்வியில் தற்செயலை எளிதில் காண்கிறார். வென்றவரோ தம் வெற்றியில் திறமையை மட்டுமே காண்கிறார். எந்த வீட்டில் பிறந்தோம், எந்த ஆசிரியர் வாய்த்தார், எந்த ஆண்டில் வேலை தேடினோம் என்பவற்றுள் நாம் உழைத்துப் பெற்றது எவ்வளவு? உழைப்பை நாம் தாழ்த்தவில்லை. ஊழைப் பெருவலி என்ற வள்ளுவரே, தளராத முயற்சி ஊழையும் புறங்காணும் என்றார். ஆயினும் பெற்றதில் ஒரு பகுதி நமக்கு வந்து வாய்த்தது என உணர்பவர், வாய்க்காதவரை இகழமாட்டார்; பகிர்வதைக் கொடை என்றன்றி, கடன் என்றே கருதுவார்.

கல்வாரியை நினைத்துப் பார்ப்போம். சிலுவையின் அடியில் படைவீரர் ஆண்டவரின் உடைக்காகச் சீட்டுக் குலுக்கினர். மேலே, வழிப்போக்கரும் மூப்பரும் விளைவைக் கண்டு தீர்ப்பிட்டனர்: கடவுளின் மகனாக இருந்திருந்தால் இறங்கி வந்திருப்பானே என்றனர். அன்று மாலை அந்தக் குன்றில் நின்ற எவருடைய கணக்கிலும் இயேசு தோற்றவரே. தந்தையின் தீர்ப்போ வேறாயிருந்தது. உயிர்த்தெழுதல், தோல்விகள் நாளடைவில் சமனாகும் என்ற சராசரிக் கணக்கு அன்று. முற்றிலும் இழந்தவரைத் தந்தை கைவிடவில்லை என்ற செய்தி. கடற்கரையில் காத்திருக்கும் கைம்பெண்ணுக்குச் சொல்லத் தகுந்த நற்செய்தி இது ஒன்றே. அதையும் உரத்த குரலில் அன்று, அருகில் அமர்ந்தே சொல்ல வேண்டும்.

விடைபெறுமுன் இளைஞர், "நேர்ந்தது தப்பா சாமி?" என்று கேட்டார். "தம்பி, நீ வென்று பணத்தோடு வந்திருந்தால், மணிக்கூண்டு மாதாவின் புதுமையால் எழுந்ததென்று நாமே அறிவித்திருப்போம். அந்த வகையில் உன் தோல்வி நம்மையும் ஒரு பொய்யிலிருந்து காத்தது" என்றோம். அவர் சிரித்தார், அன்று மாலை முதன்முறையாக. பிறகு நாம் சொன்னோம்: "கடைசிச் சீட்டுக்காக நீ பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எழுந்துபோய் இன்னொரு மேசையில் உட்கார்ந்தாயே, அதைப்பற்றிப் பேசுவோம்." அவர் தலைகுனிந்தார். இருவரும் எழுந்து கோவிலுக்குள் சென்றோம்.

அன்பர்களே, இரவில் ஆன்ம சோதனை செய்யும்போது, 'இன்று எனக்கு என்ன கிடைத்தது?' என்று தொடங்காதிருப்போம். 'நான் அறிந்த அளவில் நேர்மையாய் நடந்தேனா? கிடைத்ததில் யாருக்குப் பங்கு தர வேண்டும்? இழந்தபோது யார்மேல் சினந்தேன்?' என்று கேட்போம். நாளையச் சீட்டு நம் கையில் இல்லை. நாளை அதை எந்த மனத்தோடு ஏற்போம் என்பதை இன்றிரவே ஆண்டவரிடம் பேசிவைக்கலாம்.